இரும்புக் கல்லறையின் ஞாயிறு மதியங்கள்

பெயரைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும்: இரும்புக் கல்லறை. ஆட்களைப் பார்த்தால் கலங்கிய வயிறு தானாகச் சரியாகிவிடும். அந்த ஹெவி மெட்டல் குழுவில் தொண்டை கிழியக் கத்திப் பாடுகிறவர் ஒரு பல் டாக்டர். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிற மனுஷன். கிட்டார் வாசிப்பவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற டிரைவர் அண்ணன். டிரம்ஸ் அடிப்பது பேக்கரியில் மாவு பிசைகிற அக்கா. பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்பவன் அந்த அக்காவின் கூடப்பிறந்த தம்பி. மெத்தைக் கடையில் விற்பனையாளன். அக்கா கூப்பிடுவதைப் பார்த்து மற்றவர்களும் அவனைத் தம்பி என்றே கூப்பிட்டார்கள். உலகத்தை நடுங்க வைக்கக் கிளம்பிய கூட்டத்தில் ஒருத்தன் பெயர் தம்பி என்றால், அந்தக் கூட்டம் எவ்வளவு தூரம் போகும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

குழு பிறந்ததே ஒரு சண்டையில்தான். தம்பி வேலை பார்த்த மெத்தைக் கடையில் தள்ளுபடி நடந்துகொண்டிருந்த சமயம். கடைசியாக மிஞ்சிய பெரிய ஸ்ப்ரிங் மெத்தையின் தலைமாட்டை டாக்டர் பிடித்திருந்தார். கால்மாட்டை டிரைவர் பிடித்திருந்தார். இரண்டு பேரும் விடுவதாக இல்லை. டாக்டர் வீட்டில் புதிதாகப் பிறந்த இரட்டைக் குழந்தைகள். டிரைவருக்குத் தீராத முதுகுவலி. தம்பி நடுவில் புகுந்து, "சண்டை எதுக்கு சார்? ரெண்டு பேரும் படுத்துப் பாருங்க. யார் உடம்புக்கு ஒத்து வருதோ அவங்க எடுத்துக்கங்க" என்று சமாதானம் பேசினான்.

ரோஷத்தோடு இரண்டு பேரும் படுத்தார்கள். கூரையை முறைத்துக்கொண்டிருந்த டிரைவர், கோபத்தை அடக்குவதற்காக வாய்க்குள்ளேயே ஒரு கிட்டார் மெட்டை முணுமுணுத்தார். பக்கத்தில் படுத்திருந்த டாக்டர் அதன் அடுத்த அடியை அடிவயிற்றிலிருந்து உறுமினார். படக்கென்று இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்து, காணாமல் போன சொந்தக்காரனைக் கண்டது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பேச்சு பேச்சு, ஓயாத பேச்சு. அந்த இடைவெளியில் வேறு யாரோ வந்து மெத்தையை வாங்கிக்கொண்டு போனது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

அன்றைக்குத் தம்பிக்குச் சாப்பாடு கொடுக்க வந்த அக்கா, கல்லாப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டிரம்ஸ் நான் அடிக்கிறேன்" என்றாள். "சின்ன வயசுல எங்கம்மா பாத்திரம் ஒண்ணு விடாம ஒடுக்கினவ நான். என் தம்பி பேஸ் வாசிப்பான். அருமையா வாசிப்பான்."

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளியில் படிக்கும்போது கொஞ்ச நாள் பேஸ் கற்றுக்கொள்ளப் போனான், விரல் நொந்ததும் நின்றுவிட்டான். அவன் வாசிப்பின் கதை அவ்வளவுதான். அக்காவுக்கு அது தெரியாததில்லை. அவர்களுடைய அம்மா போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அம்மா இருந்த வீட்டில் தம்பி தனியாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமையில் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை விட, அபஸ்வரமாக எதையாவது வாசித்துக்கொண்டு நாலு பேருக்கு நடுவில் இருக்கட்டும் என்பது அவள் கணக்கு.

அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அம்மா போனதிலிருந்து தம்பிக்கு இரவில் தூக்கம் இல்லை. ஊரெல்லாம் தூங்குவதற்கு மெத்தை விற்கிறவன், வாடிக்கையாளரிடம் "படுத்தா போதும் மேடம், அடுத்த நிமிஷம் தூங்கிடுவீங்க" என்று கூசாமல் சொல்கிறவன், வீட்டுக்குப் போனால் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு பிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி கிடப்பான். யாரிடமும் சொல்லவில்லை. மெத்தைக் கடைக்காரனுக்குத் தூக்கம் வரவில்லை என்று வெளியே தெரிந்தால் வியாபாரம் என்ன ஆகும்?

பயிற்சிக்கு இடம் கிடைப்பதற்குள் நாலு பேரும் ஒரு வழியாகிவிட்டார்கள். முதலில் டாக்டரின் கிளினிக்கில் பின்னறை. ஒரு நாள் நாற்காலியில் வாயைத் திறந்தபடி காத்திருந்த நோயாளி ஒருவர், உள்ளேயிருந்து டாக்டர் உறுமுவதைக் கேட்டுவிட்டுக் கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் இறங்கி ஓடினார். அடுத்து டிரைவரின் பஸ். அக்கா அடித்த அடியில் பின் கண்ணாடி கழன்று விழுந்தது. கடைசியில் தம்பியின் முதலாளியம்மா கடைக்குப் பின்னாலிருந்த மெத்தைக் கிடங்கை ஞாயிறு மதியங்களில் கொடுத்தார். "சரக்குல அழுக்குப் படக் கூடாது, சத்தம் மாடிக்கு வரக் கூடாது. வந்துச்சுன்னா அன்னைக்கே காலி பண்ணிடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். அவர் வீடு கிடங்குக்கு நேர் மேலே.

கிடங்கில் முதல் ஞாயிறே தம்பியின் குட்டு உடைகிற மாதிரி ஆகிவிட்டது. அவன் வாசித்த இடமெல்லாம் டாக்டர் லேசாகத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அப்படிப் பார்த்ததே தம்பிக்குப் போதும். இவர்களுக்கு நான் லாயக்கில்லை என்று தெரிந்தால் கழற்றி விட்டுவிடுவார்கள், அக்காவுக்கும் தலைகுனிவு என்று இரண்டு நாள் யோசித்தான். பிறகு ஒரு யோசனையைச் சொன்னான்.

"சத்தம் மேல போகாம இருக்கணும்னா, ஆளுக்கு ஒரு அறை மாதிரி மெத்தையை நிறுத்தி வெச்சிடலாம். காதுல பஞ்சு வெச்சுக்கலாம். அவங்கவங்க வாசிக்கறதுல அவங்கவங்க கவனம் வெக்கலாம்."

எதிர்ப்பு வரும், டிரைவர் அண்ணன் கத்துவார் என்று எதிர்பார்த்தான். நடந்தது வேறு. எல்லோரும் சொல்லிவைத்தது போல எழுந்து மெத்தை தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் ஒருவரே நாலு மெத்தை தூக்கினார்.

நாலு மூலையில் நாலு அறைகள் எழும்பின. ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாது. அக்கா குச்சிகளைத் தட்டி, "ஆரம்பிக்கலாம்!" என்று ஒரு சத்தம் போடுவாள். எல்லோரும் காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். முடிகிற நேரத்தில் அவள் சிம்பல் என்கிற வெண்கலத் தட்டை ஓங்கி ஒரு அடி அடிப்பாள். அது பஞ்சையும் தாண்டிக் கேட்கும். அதுதான் ஏற்பாடு.

முதல் வாரம் தம்பி உண்மையாகவே வாசித்தான். அடுத்த வாரம் பாதியில் விரல் வலித்தது. ஒரே ஒரு நிமிஷம் என்று சொல்லிக்கொண்டு மெத்தையில் சாய்ந்தான். மெத்தைச் சுவர்களுக்கு அப்பால் எங்கோ அக்காவின் அடி தும் தும் என்று கேட்டது. டாக்டரின் உறுமல் யாரோ தூரத்தில் நாற்காலியை இழுப்பது போலக் கேட்டது. சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருக்கும்போது அடுத்த அறையில் வீட்டார் பேசுகிற சத்தம் கேட்குமே, அப்படி இருந்தது. மூன்று பேர் பக்கத்தில் இருக்கிறார்கள், ஏதோ வேலையாக இருக்கிறார்கள், நமக்கு ஒன்றும் ஆகாது. அடுத்து அவனுக்குத் தெரிந்தது சிம்பல் சத்தம்தான். அடித்துப் போட்டது போலத் தூங்கியிருந்தான்.

வெளியே வந்து அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூசியது. ஆனால் டாக்டர் முகம் மலர்ந்து, "இன்னைக்குப் பிரமாதம் தம்பி! நீங்க வாசிச்சது அப்படியே நெஞ்சுல இறங்கிடுச்சு" என்றார். டிரைவர் அண்ணன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். எவ்வளவு பெரிய மனசு இவர்களுக்கு என்று தம்பி நெகிழ்ந்துபோனான். நெகிழ்ந்த கையோடு அடுத்த ஞாயிறும் தூங்கினான். அதற்கடுத்த ஞாயிறும்.

இப்படியே மாதங்கள் ஓடின. வாரம் முழுக்க அவன் தூங்குவது அந்த மதியம் ஒன்றில்தான். அந்த ஒரு தூக்கத்தை வைத்துக்கொண்டுதான் மீதி ஆறு நாளையும் ஓட்டினான். சிரிக்க ஆரம்பித்தான், வியாபாரம் கூடியது, சாப்பாட்டில் ருசி தெரிந்தது. எல்லாம் அந்த மூன்று பேர் போட்ட பிச்சை என்று மனசுக்குள் கும்பிட்டான். கூடவே உள்ளுக்குள் ஒரு பயமும் அரித்துக்கொண்டே இருந்தது. என்றைக்காவது யாராவது எட்டிப் பார்த்துவிட்டால்? அவர்கள் உயிரைக் கொடுத்து வாசிக்கும்போது இவன் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதைக் கண்டுவிட்டால்? இந்த ஆட்கள் போய்விடுவார்கள், அதோடு தூக்கமும் போய்விடும்.

கவனித்திருந்தால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் கண் முன்னாலேயே இருந்தன. நாளாக ஆக, பஞ்சை வைக்காவிட்டால் கூட ஒரு சத்தமும் கேட்கவில்லை. தம்பி அதற்கு வேறு காரணம் கண்டுபிடித்தான். புதிதாக வந்திறங்கிய சரக்கு அப்பேர்ப்பட்டது! அடர்த்தியான ஃபோம், இரட்டை உறை, என்ன தரம்! கடையில் வருகிறவர்களிடம், "இந்த மெத்தைக்கு அந்தப் பக்கம் ஹெவி மெட்டலே வாசிச்சாலும் இந்தப் பக்கம் உங்களுக்கு ஒரு பொட்டுச் சத்தம் கேக்காது சார். இது விளம்பரம் இல்ல, என் சொந்த அனுபவம்" என்று சத்தியம் பண்ணி விற்றான். பயிற்சி முடிந்து வரும்போது டாக்டரின் கன்னத்தில் மெத்தைத் தையலின் கோடு பதிந்திருக்கும். சுவரில் முகத்தை அழுத்திக்கொண்டு உறுமுகிறார் போல, என்ன ஈடுபாடு என்று வியந்தான். டிரைவர் அண்ணனின் கண் சிவந்திருக்கும். கலைஞன் என்றால் அப்படித்தான் என்று நினைத்தான். முதலாளியம்மாவோ மாடிப்படியில் நின்று, "சத்தமே இல்ல. இப்படி ஒழுக்கமான பிள்ளைங்களை நான் பார்த்ததே இல்ல" என்று பாராட்டினார். தன் சரக்கைத்தான் பாராட்டுகிறார் என்று எண்ணித் தம்பி பூரித்துப் போனான். தொழில் பக்தி கண்ணை மறைக்கும் என்பதற்கு இதை விடவா உதாரணம் வேண்டும்!

வினை டாக்டர் ரூபத்தில் வந்தது. அவரிடம் பல் பிடுங்கிக்கொண்ட ஒருவர் ஊர்க் கலையரங்கத்தின் நிர்வாகி. புதிய குழுக்களுக்கு ஒரு மதிய நிகழ்ச்சி வைக்கிறோம், நீங்களும் வாங்க என்று வீங்கிய வாயோடு அழைத்துவிட்டார். டாக்டருக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. ஒவ்வொரு குழுவும் தன்னுடைய பூர்வ கதையை எழுதித் தர வேண்டும், அதை மேடையில் வாசிப்பார்கள் என்பது நிபந்தனை.

பயிற்சி முடிந்து, அக்கா கொண்டு வந்திருந்த பன்னைத் தின்றுகொண்டே கதை கட்ட உட்கார்ந்தார்கள்.

"உண்மையைச் சொன்னா மானம் போயிடும்" என்றார் டிரைவர். "தள்ளுபடி மெத்தைக்கு அடிச்சுக்கிட்டோம்னு சொல்ல முடியுமா? நான் சொல்றேன், எழுதுங்க. தினமும் பஸ்ல சின்னப் பிள்ளைங்களை அடக்கறதுக்கு நான் விடாத கதையா?"

அவர் அளக்க அளக்க டாக்டர் எழுதினார். அக்கா சுரங்கத்தில் பிறந்தவள், பால் குடிக்கிற வயதிலேயே சுத்தியலைப் பிடித்தவள். டாக்டர் ஏழு வருஷம் மௌனமாக இருந்து, எட்டாம் வருஷம் வாயைத் திறந்தபோது பக்கத்து ஊர் ஜன்னல்களெல்லாம் உடைந்தன. டிரைவரின் கிட்டார் இடி விழுந்த மரத்தில் செய்தது, மழை நாளில் தானாகவே முனகும்.

"எனக்கு?" என்றான் தம்பி.

டிரைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு, எங்கேருந்து வந்தேன்னு யாருக்கும் தெரியாது. உன்கிட்ட ஒரே ஒரு விசேஷம். நீ தூங்கறதே இல்ல."

தம்பிக்குப் பன் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அக்கா சிரித்துக்கொண்டே அவன் முதுகில் தட்டினாள். டாக்டரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் முழுக்கத் தம்பி வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தான். விரல் மறந்தது மறந்ததுதான். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அக்காவின் பேக்கரி வாசல் வரை போனான். அவள் மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டே கண்ணாடி வழியாகப் பார்த்துக் கையசைத்தாள். அதைப் பார்த்ததும் வாய் வரவில்லை. கடைசியில் குறுக்கு வழி ஒன்றைக் கண்டுபிடித்தான். மேடையில் தன்னுடைய ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, சும்மா விரலை மட்டும் ஆட்டுவது. மூன்று பேர் உயிரைக் கொடுத்து வாசிக்கிற இடிமுழக்கத்தில் ஒருத்தனின் மௌனம் யாருக்குக் கேட்கப்போகிறது?

அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. கறுப்புச் சட்டை போட்ட இளைஞர்கள் முன்வரிசையில் தலைமுடியை அவிழ்த்துவிட்டுத் தயாராக நின்றார்கள். அறிவிப்பாளர் டிரைவரின் கதையை அடித்தொண்டையில் வாசித்தார். சுரங்கத்துக்கு ஒரு விசில், உடைந்த ஜன்னல்களுக்கு ஒரு கைத்தட்டல். "அவன் தூங்குவதே இல்லை!" என்றதும் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூச்சல். தம்பி குனிந்து, வயரைச் சரி பார்ப்பது போல ஆம்ப்ளிஃபயரை அணைத்தான்.

விளக்குகள் பளீரென்று எரிந்தன. அக்கா குச்சிகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். டக், டக், டக், டக்.

தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை ஆட்டத் தொடங்கினான்.

ஒரு சத்தமும் இல்லை.

பஞ்சை எடுக்க மறந்துவிட்டோம் என்று நினைத்தான். ஒரு கையால் காதைத் தடவினான். பஞ்சு இல்லை. சரி, பயத்தில் காது அடைத்துவிட்டது என்று நினைத்தான். அப்போது முன்வரிசையில் ஒருவர் இருமினார். அந்த இருமல் தெளிவாகக் கேட்டது. தம்பி மெல்லக் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தான்.

அக்கா ஆவேசமாகக் கையை வீசிக்கொண்டிருந்தாள். குச்சி தோலைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலேயே நின்று நின்று திரும்பியது. டிரைவர் அண்ணன் தலையைச் சுழற்றி ஆட்டியபடி கம்பிக்கு மேலே காற்றை வருடிக்கொண்டிருந்தார். டாக்டர் கழுத்து நரம்பு புடைக்க, தன்னிடம் வருகிற நோயாளியைப் போல வாயை ஆவென்று பிளந்திருந்தார். அதிலிருந்து காற்று கூட வரவில்லை. மூன்று பேருமே கண்ணை மூடியிருந்தார்கள்.

ஒலி பார்க்கிற ஆள் அலறியடித்துக்கொண்டு மேடைக்கு ஓடி வந்து வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். முன்வரிசையில் ஒரு பையனுக்கு மட்டும் ஏதோ புரிந்துவிட்டது. "கல்லறைடா! கல்லறைன்னா அமைதி! என்ன யோசிச்சிருக்கானுங்க பாரு!" என்று கத்தினான். பாதிக் கூட்டம் கைதட்டியது.

அந்தக் கைத்தட்டலில் மற்ற மூன்று பேரும் கண்ணைத் திறந்தார்கள். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையும் களவுமாகப் பிடிபட்ட நாலு திருடர்கள், பிடிக்கத்தான் போலீஸ் இல்லை.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தோன்றியதும் தம்பிக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. டாக்டரின் மைக்கை வாங்கினான். "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றான். கூட்டத்துக்கு அல்ல, அந்த மூன்று பேருக்கு. "மாசக்கணக்கா நான் வாசிக்கவே இல்ல. நீங்க எல்லாம் கஷ்டப்பட்டு வாசிச்சீங்க, நான் அங்க படுத்துத் தூங்கினேன். மன்னிச்சுக்கங்க."

டாக்டர் மைக்கைப் பிடித்தார். "நானும்தான்" என்றார். "வீட்ல ரெண்டு குழந்தையும் மாத்தி மாத்தி அழும். நீங்க மூணு பேரும் வாசிக்கறீங்களேன்னு... நானும் தூங்கினேன்."

"காலையில முதல் டிரிப் எனக்கு இருட்டோட" என்றார் டிரைவர். தலையைச் சொறிந்தார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். "என்னை என்னடா பார்க்கறீங்க? ஊர் எந்திரிக்கறதுக்கு முன்னாடி அடுப்பு மூட்டறவ நான். படுத்தா எந்திரிக்க முடியுமா?"

"அப்ப எப்படிக்கா கரெக்டா சிம்பல் அடிச்சே?" என்றான் தம்பி.

"ரொட்டி கருகற நேரம் உடம்புக்குத் தெரியும்டா" என்றாள்.

அவ்வளவுதான். டாக்டருக்கு முதலில் சிரிப்பு வெடித்தது. அப்புறம் நாலு பேருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கூட்டம் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தது. பிறகு அக்கா, "வந்தது வந்துட்டோம், ஒண்ணையாவது வாசிச்சுட்டுப் போவோம்" என்று நிஜமாகவே அடித்தாள். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். டிரைவர் முந்தினார், டாக்டர் பாதி வரியை மறந்து மீதியை உறுமினார், தம்பி தப்பாகத் தொட்டதையே மறுபடி மறுபடி தொட்டான். காது கொடுத்துக் கேட்க முடியாத கண்றாவி. ஆனால் சுவரில்லாமல், பஞ்சில்லாமல் அந்த மூன்று பேரையும் கேட்டதில் தம்பிக்கு உடம்பு சிலிர்த்தது. கல்லறை என்று கத்திய பையனே காதைப் பொத்திக்கொண்டான். நிர்வாகி பாதியிலேயே திரையைப் போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே களேபரம். யார் முதலில் தூங்கியது என்று சண்டை. சின்னப் பிள்ளைகளின் இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்த டாக்டர், இரண்டாம் வாரமே தான் தூங்கிவிட்டதாகப் பெருமையடித்துக்கொண்டார். தம்பி மட்டும் சிரிக்காமல் இருந்தான். எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது, இனி எதற்காக யார் அந்தக் கிடங்குக்கு வருவார்கள் என்பதே அவன் யோசனை.

"அப்ப... அடுத்த ஞாயிறு?" என்று கேட்டுவிட்டான்.

"அடுத்த ஞாயிறுக்கு என்ன?" என்றார் டிரைவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல்ல ஒரு பாட்டு வாசிப்போம், மனசாட்சிக்கு. அப்புறம் மெத்தையை எல்லாம் கீழ போட்டுட்டு ஒழுங்கா மனுஷங்க மாதிரி தூங்குவோம்."

தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா எழுந்து வந்து அவன் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்களுக்கு வேலை, குழந்தைங்க. உனக்கென்னடா? கடை பத்து மணிக்குத்தானே? நீ ஏன் பகல்ல தூங்கணும்?"

அவன் ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினான்.

"ராத்திரி தூங்கறது இல்லையா?"

"அம்மா போனதுலேருந்து" என்றான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ தூங்கறதே கொஞ்ச நேரம். அதையும் கெடுக்கணுமா?"

அக்கா திட்டுவாள் என்று நினைத்தான். அவள் திட்டவில்லை. மாவு வாசனை போகாத கையால் அவன் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். முன்னால் டிரைவர் பாட்டைச் சத்தமாகப் பாடினார்; டாக்டர் தப்பான இடத்தில் உறுமினார்; அக்கா எதிர் இருக்கையின் முதுகில் தாளம் போட்டாள்; பஸ்ஸின் ஜன்னல்கள் எல்லாம் கடகடவென்று ஆடின. அத்தனை சத்தத்துக்கு நடுவில் தம்பிக்குக் கண் சொருகியது.

விழித்தபோது பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாட்டுச் சத்தம் நின்றிருந்தது. தெருவிளக்குகள் எரிந்தன. டாக்டர் கடைசி இருக்கையில் போனை வாயோடு ஒட்டிவைத்து, "இன்னும் கொஞ்ச நேரம்மா, வந்துடறேன்" என்று மனைவியிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். டிரைவர், குழியில் இறங்கினால் முட்டை உடைந்துவிடும் என்பது போல ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். ஜன்னலுக்கு வெளியே அவன் வீட்டுப் பச்சைக் கதவு வந்தது, நிற்காமல் பின்னால் போனது.

"அக்கா" என்றான், "வீடு வரலையா இன்னும்?"

அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மரத்துப்போன தோளைக்கூட மாற்றவில்லை.

"வந்துச்சுடா" என்றாள். "நிறைய தடவை வந்துச்சு."

தம்பி நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தான். அந்தச் சொல் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. மறுபடியும் அவள் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"அண்ணே" என்றான், "இன்னும் ஒரே ஒரு சுத்து."